அறுபதில் நின்ற முள்

திங்கட்கிழமை காலைகளில் அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு தீக்குச்சியை எடுத்து, வேனின் ஆறு டயர்களிலும் உள்ள பள்ளங்களில் செருகிப் பார்ப்பார். குச்சியின் மருந்து பள்ளத்துக்குள் மறைந்தால் டயர் நல்ல டயர். மருந்து வெளியே தெரிந்தால் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நிற்பார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து காற்று அளக்கும் மீட்டரை எடுப்பார். அது கம்பெனி கொடுத்ததில்லை, அவர் சொந்தமாக வாங்கி, வெல்வெட் துணியில் சுற்றி வைத்திருந்தது. ஒவ்வொரு டயராக வைத்துப் பார்த்துவிட்டு, "பின்னால லெப்ட்ல ரெண்டு பாயின்ட் கம்மி" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார். அதற்குப் பிறகுதான் எங்களை ஏறச் சொல்வார்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் எனக்கு வேலை. மேல்தோல் தைக்கும் பிரிவில் செக்கிங். ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழுந்திருக்கிறது, வளைவில் தையல் விலகியிருக்கிறதா, இதைப் பார்ப்பதுதான் நாள் முழுக்க என் வேலை. ஒரு தையல் குறைந்தாலும் அந்த ஜோடியை ஓரமாய் எடுத்து வைத்துவிடுவேன். சத்துவாச்சாரியில் நாங்கள் நாலு பேர் ஏறுவோம். பொய்கை, பள்ளிகொண்டா, மாதனூர் என்று வழி நெடுக மற்றவர்கள் ஏறுவார்கள். மொத்தம் பதினேழு பெண்கள். அவர்தான் எங்கள் வேன் டிரைவர்.

அவர் பெயரை எழுதப்போவதில்லை. அவருடைய மகளை என் தெருவில்தான் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். எதிரில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாள். அவள் என்ன செய்தாள் பாவம்.

நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். ஐம்பது வயதிருக்கும். சட்டையின் மேல் பொத்தானைக்கூடப் போட்டுக்கொண்டுதான் வண்டி ஓட்டுவார். வாந்தி வருகிற பெண்களுக்காக ஒரு டப்பாவில் இஞ்சி மிட்டாய் வைத்திருப்பார். பாட்டு போடமாட்டார். "என்ஜின் சத்தம் எனக்குக் கேக்கணும்மா" என்பார்.

அவர் அறுபதுக்கு மேல் போகமாட்டார். இது எங்கள் கம்பெனியில் வாட்ச்மேனிலிருந்து மேனேஜர் வரை எல்லோருக்கும் தெரியும். நெடுஞ்சாலையில் மற்ற கம்பெனி வண்டிகள் பறக்கும்போது எங்கள் வேனின் முள் அறுபதில் போய் நிற்கும். யாராவது "இன்னாணா, கொஞ்சம் அழுத்துங்களேன்" என்றால் திரும்பாமலே பதில் சொல்வார்.

"அறுபதுக்கு மேல ஒரு பாயின்ட் போனாலும் அது என் வண்டி இல்லம்மா. உங்க வூட்ல உங்களுக்காகக் காத்துனு இருக்காங்க."

ஆனால் அவர் ஒரு நாளும் தாமதமாக வந்ததும் இல்லை. ஏழே முக்காலுக்குக் கேட்டில் வருகை பதியும் பஞ்சிங் மெஷினில் விரல் வைக்கவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அரை நாள் சம்பளம் போயிற்று. மற்ற வேன்களில் வருகிற பெண்கள் மாதத்தில் ரெண்டு நாளாவது கேட்டில் நின்று கெஞ்சுவார்கள். எங்கள் வேன் ஏழு நாற்பதுக்கெல்லாம் உள்ளே வந்து நின்றுவிடும். அறுபதுக்கு மேல் போகாதவர் எப்படி தினமும் முந்தி வருகிறார் என்று நாங்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை. நிதானமாகப் போனால் எல்லாம் நேரத்துக்கு நடக்கும் என்று அதையே ஒரு நல்ல விஷயமாகப் பேசிக்கொண்டோம். என் மச்சானைக்கூட அவரை உதாரணம் காட்டித் திட்டியிருக்கிறேன்.

மீட்டர்களைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஒருநாள் மேனேஜர் தன் ஜீப்புக்குப் பெரிய பெரிய டயர்களாக மாட்டிக்கொண்டு வந்தார். கம்பெனி வாசலில் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தோம். இவர் கிட்டே போய் டயரைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"சார், இனிமே உங்க மீட்டரு பொய் சொல்லும்."

"இன்னாய்யா சொல்ற?"

"வண்டி எவ்ளோ தூரம் ஓடுதுன்னு மீட்டருக்குத் தெரியாது சார். சக்கரம் எத்தனை சுத்து சுத்துதுன்னு மட்டும்தான் தெரியும். டயரு பெருசாயிட்டா ஒரு சுத்துல ஜாஸ்தி தூரம் போயிடும். மீட்டரு பழைய கணக்கையே காட்டினு இருக்கும். நீங்க அறுபதுன்னு நெனப்பீங்க, வண்டி அறுபத்தஞ்சுல போயினு இருக்கும்."

மேனேஜர் சிரித்தார். இவர் விடவில்லை. "வாங்க சார், காட்றேன்" என்று அவரை ஜீப்பில் உட்காரவைத்துத் தானே ஓட்டிக்கொண்டு போனார். மேனேஜர் என் கையில் கொடுத்த பேப்பர்களைப் பிடித்துக்கொண்டு நானும் பின்னால் ஏறினேன். முள்ளை அறுபதில் நிறுத்தினார். மேனேஜரைக் கைக்கடிகாரத்தைப் பார்க்கச் சொன்னார். ரோட்டோரத்தில் கிலோமீட்டர் கல் வந்ததும், "இப்போ ஆரம்பிங்க" என்றார்.

"அறுபதுன்னா மணிக்கு அறுபது கிலோமீட்டரு. அப்போ ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிஷம். கல்லுக்குக் கல்லு அறுபது செகண்ட் வரணும். வந்தா மீட்டரு சுத்தம்."

ஐம்பத்தைந்து செகண்டில் அடுத்த கல் வந்துவிட்டது. அதற்கடுத்த கல்லும் அப்படியே. மேனேஜர் அடுத்த வாரமே பழைய டயருக்கு மாறினார். அதற்குப் பிறகு ஆம்பூரில் யாருக்காவது மீட்டரில் சந்தேகம் வந்தால் இவரிடம்தான் வருவார்கள். டயர் தேய்ந்தால் மீட்டர் ஜாஸ்தி காட்டும், காற்று குறைந்தாலும் ஜாஸ்தி காட்டும், புது வண்டியிலேயே கம்பெனிக்காரன் கொஞ்சம் ஜாஸ்தி காட்டுகிற மாதிரிதான் வைப்பான் என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சொல்வார்.

"நம்ம வண்டியில முள்ளு அறுபது காட்டினா நெஜத்துல அம்பத்தாறுதான் போவும்" என்று எங்களிடமும் சொல்லியிருக்கிறார். அதைக் கேட்டு எங்களுக்கு இன்னும் நிம்மதியாக இருந்தது.

அந்த ஜீப்புக்கு அடுத்த நாள்தான் என்னை முன் சீட்டுக்கு வரச்சொன்னார். "எஸ்தரு, நீ இனிமே முன்னால உக்காரும்மா. உனுக்கு இருக்கறது செக்கிங் கண்ணு. முள்ளு அறுபதைத் தாண்டினா உடனே சொல்லு. எனக்கும் ஒரு ஆளு பாத்துனு இருந்தா நல்லதுதான்." பின்னால் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. மூன்று வருடம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அது ஒரு நாளும் தாண்டியதில்லை.

ஒருமுறை சாயங்காலம் வீடு திரும்பும்போது பள்ளிகொண்டா டோல்கேட் தாண்டியதும் எங்களோடு வேலை செய்யும் நிறைமாத தீபாவுக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. நாளுக்கு இன்னும் பத்துப் பதினைந்து நாள் இருந்தது. வண்டிக்குள் எல்லோரும் கத்தினோம். "அண்ணா, வேகமா போங்கணா, உங்க காலைப் புடிக்கறேன்" என்று தீபாவின் அக்கா அழுதாள். அவர் கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். "அறுபதுதான்மா. பாத்துக்கோ எஸ்தரு" என்றார். முள் அறுபதில் ஒட்டவைத்த மாதிரி நின்றது. எனக்கே அவர்மேல் ஆத்திரமாக வந்தது. வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றபோது எதிர்பார்த்ததைவிட ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டோம். அரை மணி நேரத்தில் பையன் பிறந்தான். கர்த்தர்தான் ரோட்டைச் சுருட்டிக் கொடுத்தார் என்று நான் அடுத்த ஞாயிறு சபையில் எழுந்து சாட்சி சொன்னேன். அந்தக் குழந்தையின் ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஆற்காட்டிலிருந்து மக்கன் பேடா வாங்கிக்கொண்டு போவார் அவர்.

விபத்து நடந்தது ஒரு புதன்கிழமை. மாதனூர் தாண்டி, நடுத்தடுப்பில் வழி விட்டிருக்கிற ஒரு இடம். ஏழு இருபத்தைந்து இருக்கும். நல்ல வெளிச்சம். சைக்கிளில் ஒரு ஆள் ரோட்டைக் குறுக்கே கடந்தார். பிரேக் சத்தம், கண்ணாடியில் என் நெற்றி இடித்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

சைக்கிளில் வந்தவர் பெயர் முனுசாமி. தோல் பதனிடும் தொழிற்சாலையில் டிரம் சுற்றுகிற இடத்தில் வேலை. ராத்திரி ஷிப்ட் முடிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் டிரைவர் ஓடிப்போய் அவரைத் தூக்கினார். யாருக்கும் காத்திருக்கவில்லை. மற்றவர்களை ரோட்டில் இறக்கிவிட்டு, முனுசாமியை சீட்டில் கிடத்தி, என்னை மட்டும் அவர் தலையைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். வழியெல்லாம் அழுதுகொண்டே ஓட்டினார். அந்த அழுகை பொய்யில்லை என்று இன்றைக்கும் நினைக்கிறேன். முனுசாமி பிழைத்தார். வலது காலை முட்டிக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் கேட்டார், "எவ்ளோ ஸ்பீடுய்யா வந்த?"

டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு, "எஸ்தரக் கேளுங்க சார். முன்னால உக்காந்துனு இருந்துச்சு. அது பொய் பேசாது" என்றார்.

ரைட்டர் என்னைப் பார்த்தார். என் சேலை முழுக்க ரத்தம் காய்ந்திருந்தது.

"அம்பத்தெட்டு சார்" என்றேன். "நான் முள்ளைப் பாத்துனுதான் இருந்தேன்."

"நிச்சயமா தெரியுமா?"

"தினமும் பாக்கறதுதான் சார். அறுபதைத் தாண்டாது."

எழுதி வாங்கிக் கையெழுத்து போடச் சொன்னார்கள். பிறகு கோர்ட்டிலும் ஒருமுறை கூண்டில் ஏறி அதையே சொன்னேன். முனுசாமியின் வக்கீல் நாலு விதமாகத் திருப்பித் திருப்பிக் கேட்டும் நான் அசையவில்லை. வேனைப் பரிசோதித்தவர்கள் பிரேக் பிடிக்கிறது, ஸ்டியரிங் சரியாக இருக்கிறது, வண்டியில் கோளாறு இல்லை என்று எழுதியிருந்தார்கள். ராத்திரி முழுக்க வேலை செய்த களைப்பில் முனுசாமி பார்க்காமல் குறுக்கே வந்துவிட்டார், தவறு பெரும்பாலும் அவர் மேல்தான் என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பு நாளன்று வெளியே வந்ததும் டிரைவர் என் ரெண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீ இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பேன், எஸ்தரு" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அதற்குப் பிறகு ஒன்றரை வருடம் எதுவும் நடக்கவில்லை. அதே வேன், அதே முள், அதே முன் சீட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆற்காட்டில் எங்கள் லைன் சூப்பர்வைசர் மகளுக்குக் கல்யாணம். கம்பெனி வேனிலேயே போனோம். மண்டபம் எங்கே இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியவில்லை. புதிதாக வாங்கிய என் போனில் மேப் போட்டு மடியில் வைத்துக்கொண்டேன். மேப்பின் ஓரத்தில் சின்னதாக ஒரு வட்டம், அதற்குள் எழுபத்தாறு என்று எழுதியிருந்தது. அது என்ன நம்பர் என்று முதலில் எனக்குப் புரியவில்லை. ரத்தினகிரி பக்கத்தில் ஒரு லாரிக்காக அவர் வேகத்தைக் குறைத்தார். வட்டத்தில் ஐம்பது ஆயிற்று. முள்ளைப் பார்த்தேன், நாற்பதில் இருந்தது. மறுபடி முள் அறுபதுக்குப் போனது. வட்டம் எழுபத்தாறுக்குப் போனது.

"அண்ணா, இது இன்னாணா, போன்ல எழுபத்தாறுன்னு காட்டுது?"

அவர் போனைப் பார்க்கக்கூட இல்லை. "போனுக்கு இன்னா தெரியும்? டவர் மாறி மாறி எடுக்கும். அது கெடக்கட்டும், எந்தப் பக்கம் திரும்பணும் பாரு."

நானும் போன்தான் பொய் என்று நினைத்தேன். நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். ஆனால் கல்யாணத்தில் உட்கார்ந்திருக்கும்போது, ஜீப்பில் அவர் சொன்ன கல்லுக்குக் கல் கணக்கு ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலையில் பொய்கை தாண்டியதும் போனில் ஸ்டாப் வாட்ச்சை வைத்துக்கொண்டு சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டேன். ரோட்டோரத்தில் கிலோமீட்டர் போர்டு வந்தது. அமுக்கினேன். முள் அறுபது. அடுத்த போர்டு. நாற்பத்தேழு செகண்ட். ஏதோ தப்பாய் அமுக்கிவிட்டேன் என்று மறுபடி பார்த்தேன். நாற்பத்தெட்டு. மறுபடி நாற்பத்தேழு. ஆம்பூர் வருவதற்குள் ஒன்பது கிலோமீட்டர் எடுத்துவிட்டேன். எதிலும் அறுபது வரவில்லை. ஐம்பதுகூட வரவில்லை. பக்கத்தில் அவர் மேல் பொத்தானைப் போட்டுக்கொண்டு, ரெண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, நேராக ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார்.  கேட்டில் விரல் வைத்தபோது மெஷின் மூன்று தடவை என் விரலைத் தெரியவில்லை என்றது.

மதியம் சாப்பாட்டு நேரத்தில் அவரைப் பார்க்கப் போனேன். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் வேனை நிழலில் நிறுத்தி, முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, நம்ம மீட்டரு சரியா?"

"இன்னாம்மா, இன்னும் அந்தப் போனையே நெனச்சினு இருக்கியா? டயரு புதுசு. புது டயருன்னா கொஞ்சம் கம்மியா காட்டும். நான்தான் சொல்லியிருக்கேனே."

"கல்லுக்குக் கல்லு எண்ணினேன்ணா."

துடைக்கிற கை நின்றது.

"எத்தனை வந்துச்சு?"

"நாப்பத்தேழு."

"அந்த போர்டெல்லாம் சரியா அளந்து நட்டிருக்க மாட்டானுங்க."

"ஒம்பது போர்டு பாத்தேன்ணா."

துணியை மடித்து பானெட்டின் மேல் வைத்தார். ஒவ்வொரு ஓரமாக நீவி, நாலாக மடித்து வைத்தார். பிறகு படியில் உட்கார்ந்தார். அவர் மன்னிப்புக் கேட்பார் என்றுதான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"யாரு யாருகிட்ட சொன்ன?" என்று கேட்டார்.

"யாருகிட்டயும் சொல்லல."

"நல்லது. கேளு. பஞ்சிங் மெஷின் வெச்ச புதுசுல நீங்கள்லாம் கேட்ல நின்னு அழுதீங்களே, நெனவிருக்கா? மேனேஜரு என்னைக் கூப்ட்டு, ஏழே முக்காலுக்குள்ள வண்டி உள்ள இருக்கணும்னான். அதே வாயால அறுபதுக்கு மேல போனா வேலை இல்லன்னான். வேகத்தைக் கட்டுப்படுத்தற கவர்னர் வேற வெச்சு சீல் அடிச்சிட்டான். ரெண்டும் எப்படி முடியும்? நீயே சொல்லு. மீட்டருக்குப் போற ஒயர்ல ஒரு சின்ன டப்பா வெச்சேன். அது வேகத்துல அஞ்சுல ஒரு பங்கைக் கொறச்சுக் காட்டும். கவர்னரும் அந்தக் கணக்கைத்தான் நம்பும். எனக்காகவா பண்ணேன்? ஒரு நாளாவது உங்களுக்கு அரை நாள் போயிருக்கா?"

"முனுசாமிக்குக் கால் போச்சேணா."

"அவன் பாக்காம வந்தான்."

"நீங்க எழுபத்தஞ்சுல போயினு இருந்தீங்க. அம்பத்தெட்டுன்னு கோர்ட்ல சொல்ல விட்டீங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவர் குரலில் கோபம் இல்லை. டயரைப் பற்றி விளக்குகிற அதே பொறுமையான குரல்.

"நான் எங்கயாவது வாயைத் தொறந்து அம்பத்தெட்டுன்னு சொன்னேனா? யோசிச்சுப் பாரு. ஸ்டேஷன்ல சொல்லல, கோர்ட்ல சொல்லல. சொன்னது நீதானே எஸ்தரு."

 நான் கேட்டேன். "அதுக்குத்தான் என்னை முன்னால உக்கார வெச்சீங்களா?"

"யாராவது ஒருத்தர் பாத்துனு இருந்தா நல்லதுன்னு அப்பவே சொன்னேனே. நீ சொன்னா யாரும் மறுபேச்சு பேச மாட்டாங்க." அதை ஒரு பாராட்டு மாதிரிதான் சொன்னார். பிறகு சீட்டுக்கு அடியிலிருந்து இஞ்சி மிட்டாய் டப்பாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "மூஞ்சியெல்லாம் வேர்த்துனு இருக்கு, பாரு. ஒண்ணு வாய்ல போட்டுக்கோ."

ஏமாந்ததைவிட அந்த மிட்டாய்தான் எனக்கு இன்னும் ஆறவில்லை. அவர் என்மேல் நிஜமாகவே பிரியமாக இருந்தார். பிரியமாக இருந்துகொண்டே என்னை அந்தச் சீட்டில் உட்காரவைத்து, மூன்று வருடம் பழக்கி, கூண்டில் ஏற்றினார். ரெண்டும் ஒரே ஆள்தான். அதை எங்கே வைப்பது என்று எனக்கு இன்னமும் தெரியவில்லை.

அன்று சாயங்காலம் நான் அந்த வேனில் ஏறவில்லை. பஸ்ஸில் போனேன்.  மூன்றாம் நாள் மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முதலில் நம்பவில்லை. "அவரா? என் ஜீப்பையே சரி பண்ணவராச்சேம்மா" என்றார். வேனை ஷெட்டில் நிறுத்தி மீட்டர் பலகையைக் கழற்றினார்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்பு டப்பா. அதையும் அவர் சும்மா விடவில்லை, ஆடாமல் இருக்க வெல்வெட் துணியில் சுற்றி அழகாகக் கட்டியிருந்தார்.

வேலை போயிற்று. போலீசில் கேஸ் போட்டார்கள், லைசென்ஸை நிறுத்திவைத்தார்கள். அவர் தகராறு எதுவும் செய்யவில்லையாம். காற்று மீட்டரை மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாராம். இப்போது காவேரிப்பாக்கம் பக்கத்தில் ஒரு டயர் கடையில் காற்று பிடிக்கிறார் என்கிறார்கள். கரெக்டாகப் பிடிப்பார் என்று தூரத்திலிருந்தெல்லாம் அவரைத் தேடி வண்டிகள் வருகின்றனவாம்.

கம்பெனியில் என்னை யாரும் பாராட்டவில்லை. புதிதாக வந்த டிரைவர் நிஜமான அறுபதில் போகிறார். அதனால் வேன் கால் மணி நேரம் முந்திக் கிளம்புகிறது. நாலரைக்கு எழுந்துகொண்டிருந்த பெண்கள் நாலேகாலுக்கு எழுந்து சமைக்கவேண்டியிருக்கிறது. "உன்னாலதான் எங்களுக்கு இந்த பேஜாரு" என்று தீபாவின் அக்கா என் முகத்துக்கு நேராகவே சொன்னாள். "அந்த ஆளு இல்லன்னா என் தங்கச்சி புள்ள ரோட்லயே பொறந்திருக்கும். அவரு வயித்துல அடிச்சிட்டியே."  அன்று அவர் எழுபத்தைந்தில் போனதால்தான் அந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில் பிறந்தது. அதுவும் உண்மைதான்.

முனுசாமியின் வக்கீலைப் பார்த்து, நான் முன்பு சொன்னது தவறு, மீட்டர் பொய் காட்டியது அப்போது எனக்குத் தெரியாது என்று எழுதிக் கொடுத்தேன். முனுசாமிக்காக அப்பீல் போட்டிருக்கிறார்கள். நடந்துகொண்டிருக்கிறது. இதையெல்லாம் செய்த பிறகும் முனுசாமி வீட்டுக்குப் போக எனக்குத் தைரியம் வரவில்லை. கோர்ட்டில் அவர் சொன்னதை நான் கேட்டதும் இல்லை. என் சாட்சி முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஒரு மாதம் கழித்து, ஒரு ஞாயிறு சபை முடிந்து அப்படியே பஸ் ஏறி மாதனூரில் இறங்கினேன்.

வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து ஷூவுக்கு மேல்தோல் முடைந்துகொண்டிருந்தார். வீட்டுக்குக் கொடுத்துவிடுகிற கை வேலை. கட்டைக்கால் சுவரோரமாய்ச் சாத்தியிருந்தது. என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. போ என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை.

நான் நின்றுகொண்டே சொன்னேன். டப்பாவைப் பற்றி, கிலோமீட்டர் போர்டைப் பற்றி, எல்லாவற்றையும். வக்கீல் சொல்லியிருப்பார் என்று நினைத்தேன். அப்பீல் போடுகிறோம் என்று மட்டும்தான் சொன்னாராம். முனுசாமி ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

"நான் பாக்காம வரலம்மா" என்றார். "சைக்கிள நிறுத்தி, கால ஊனி, பாத்துட்டுத்தான் வந்தேன். வேன் அந்தப் புளிய மரத்துக்கு அப்பால இருந்துச்சு. கம்பெனி வேன்தானே, மெதுவா வரும், தாண்டிரலாம்னு கணக்கு பண்ணித்தான் மிதிச்சேன். கோர்ட்ல அதத்தான் சொன்னேன். சிரிச்சாங்க. நீ தூங்கிட்டடான்னாங்க. என் புள்ளைங்க சொன்னாங்க. என் பொஞ்சாதியும் சொன்னா. சொல்லிச் சொல்லி, தூங்கித்தான் இருப்பேனோன்னு எனக்கே தோண ஆரம்பிச்சிருச்சும்மா."

"நீங்க தூங்கல" என்றேன். "நீங்க பாத்தது சரி. வேன்தான் அந்த வேகத்துல வந்திருக்கக்கூடாது. நான்தான் தப்பா சொன்னேன்."

 அவர் வீட்டுப் பக்கம் திரும்பி மனைவியைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார். அந்த அம்மா கையெல்லாம் சோப்பு நுரையோடு வந்து நிலைப்படியில் நின்றார்கள். என்னைப் பார்த்ததும் முகம் இறுகியது.

"இன்னொரு தடவ சொல்லும்மா" என்றார் முனுசாமி. "அவளுக்குக் கேக்கற மாதிரி சொல்லு."

முதலிலிருந்து சொன்னேன்.  நான் சொல்லி முடித்ததும் அந்த அம்மா சேலையில் கையைத் துடைத்துக்கொண்டு, என்னைத் தாண்டிப் போய், அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்கள்.

"எங்க நின்னு பாத்த?" என்று அவரிடம் கேட்டார்கள். "வேன் புளிய மரத்துக்கு அந்தப் பக்கமா, இந்தப் பக்கமா? சொல்லு, கேக்கறேன்."